கைநிதானம்

விருதுநகர்
4.8.2025

அன்புள்ள யோகேஸ்வரிக்கு,

போனில் அழுதால் வைத்துவிடுவேன் என்று தெரிந்துதான் கடிதம் எழுதியிருக்கிறாய். தலையில் மறைப்பை மாட்டி, வெளியே எதுவும் தெரியாமல், கருவி முள்ளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டும் தேர்வில் இரண்டாவது தோல்வி. உயரம் நூறு அடிக்கு மேல் பிசகக் கூடாதாம். நீ இருநூறு பிசகினாய். இன்னொரு முறை தவறினால் வீடுதான்.

அச்சங்குளத்தில் இருபத்திரண்டு வருடம் பட்டாசு மருந்து அளந்தவன் நான். எம்.எஸ்சி. படித்தும் தராசைத் தொட்டதில்லை. கைநிதானம்தான். எனக்குக் கீழே வேலை பார்த்த சங்கிலிமுத்து தராசு போடாமல் கலந்து, வெடித்து, தன்னோடு இரண்டு பேரைச் சாகடித்தான். என் கை அவனுக்கு ஏது? போர்மன் என்ற பாவத்துக்கு என் வேலையும் போனது.

முள்ளை விடு. உடம்பு சொல்வதைக் கேள்.

முத்துக்கிருஷ்ணன்

*

13.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்றுப் பயிற்சியில் உங்கள் பேச்சைக் கேட்டேன். விமானம் வலப்பக்கம் சாய்கிறது என்று உடம்பு சத்தியம் செய்தது. இடப்பக்கம் திருப்பினேன். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் நாகஜோதி மேடம் மறைப்பை எடுத்தார். தரை ஒரு பக்கமாக எழுந்து நின்றது.

“உடம்பு பொய் சொல்லும்மா. அதுவும் ரொம்ப நம்பிக்கையாச் சொல்லும்” என்றார்.

தராசைத் தொட்டதே இல்லை என்கிறீர்கள். வெடித்த அன்றைக்கு அளந்தது யார் அப்பா? ஆறு வருடமாகச் சங்கிலிமுத்து மனைவி சின்னத்தாய் அக்காவை ‘ரெண்டு பேரக் கொன்னவன் பொண்டாட்டி’ என்கிறார்கள்.

யோகேஸ்வரி

*

விருதுநகர்
19.8.2025

யோகேஸ்வரிக்கு,

பெற்ற மகளும் விசாரணை வைக்கிறாள். நல்லது.

தீபாவளி சீசன். லோடு ஏற்ற லாரி வாசலில் நின்றது. “அண்ணாச்சி, தராச எடுத்தாரட்டுமா?” என்று சங்கிலிமுத்து கேட்கத்தான் செய்தான். “ஏலே, என் கையவிட ஒந்தராசு பெருசாலே?” என்றேன். சிரித்தான். அளந்து கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அவன் கலந்தான்.

செத்தவன் வந்து மறுக்கவா போகிறான் என்று விசாரணையில் அவன் பெயரைச் சொன்னேன். முதலாளிக்கும் அதுதான் வசதி. பிறகு என்னையும் வெளியே தள்ளினான். என்னைக் குற்றம் சொல்ல இங்கே எவனுக்கும் யோக்கியதை இல்லை.

போதுமா? முள்ளையே பார்த்து ஓட்டு. இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

முத்துக்கிருஷ்ணன்

*

2.9.2025

அப்பாவுக்கு,

நேற்றுத் தேர்வு. உடம்பு என்னென்னவோ சொன்னது. நான் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முப்பது அடிகூடப் பிசகவில்லை. தேறிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. சின்னத்தாய் அக்காவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. மகள் ரோஜா வாசித்துக் காட்டுவாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

யோகேஸ்வரி