தம்பி பீரும் அண்ணன் பீரும்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தோள்வலி இல்லாமல், சாரத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டையை மறக்காமல் மாட்டிக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். போனில் பேசினால் நாம் இருவரும் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டுவதே இல்லை, அதற்குள் நான் "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுகிறேன், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். தபாலில் போட்டால் உன் கைக்கு வர பத்து நாளாகும், உனக்கோ சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும், ஆகையால் நான் எழுதி முடித்ததும் அம்மா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவாள். நான் எடுத்தால் என் கட்டைவிரல்தான் படத்தில் வருகிறது.

போன மாதக் கடைசியில் நீ கேட்ட கேள்வி என் மண்டையிலேயே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் எல்லோரும் வர்ணம் பூசி முடித்த கப்பல் இந்தச் சனிக்கிழமை தண்ணீரில் இறங்குகிறது, பட்டறையில் எல்லோருக்கும் விருந்து, குடிக்காமல் நின்றால் மேஸ்திரி விடமாட்டார் என்றாய். "கையில ஒரு பாட்டில் இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கப்பா, ஆல்கஹால் கம்மியா ஒரு பீர் வருது, நூத்துக்கு அரைதான், அதைக் குடிக்கறதுல ஏதாவது இருக்கா, இல்ல சும்மா காசுக்குப் பிடிச்ச கேடா" என்று கேட்டாய். இத்தனை வருடத்தில் நீ என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை, அதனால் ஏதோ ஒன்றை வாய்க்கு வந்தபடி சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. போன வருடம் நீ முந்தின நாள் குடித்தது இறங்காமல் சாரத்தில் ஏறி விழுந்து தோள் எலும்பு உடைந்து கிடந்ததும், டாக்டர் இனிமேல் ஒரு சொட்டும் கூடாது என்றதும், நீ நிறுத்தி ஐந்து மாதமாகிறது என்பதும் எனக்கு மறக்கவில்லை. உன் அப்பா முப்பத்தோரு வருடம் கடை கடையாகப் போய்த் தராசு சரிபார்த்தவன், கடைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் முள்ளுக்காரர் என்று கூப்பிட்டார்கள், மேலே எழுதியிருக்கிறது என்பதற்காக எதையும் நம்பியது கிடையாது. எனவே நானே குடித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று முடிவு செய்தேன். அம்மா இதைக் கேட்டதும், ஒரு சாக்குக் கிடைத்தால் போதுமே உங்களுக்கு என்றாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடையில் இந்த பீருக்கென்று தனி அலமாரியே வைத்திருக்கிறார்கள். விற்கிற பெண், "சார், இது வண்டி ஓட்டறவங்க வாங்கறது, உங்களுக்குப் பிடிக்குமா பாருங்க" என்று என் வயிற்றைப் பார்த்தபடி சொன்னாள். அதில் பத்து பாட்டில், நான் வழக்கமாகக் குடிப்பதில் ஆறு பாட்டில் வாங்கி வந்தேன். அம்மா இரண்டையும் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, வழக்கமானது அண்ணன், ஆல்கஹால் கம்மியானது தம்பி என்று பெயர் வைத்துவிட்டாள், இப்போது வீட்டில் அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது. நான் போட்ட முறை என்னவென்றால், ஒரே மாதிரி இரண்டு பீங்கான் குவளை, ஒன்றின் அடியில் மட்டும் சின்னதாகப் பிளாஸ்திரி, அம்மா சமையலறையில் ஒன்றில் அண்ணனையும் ஒன்றில் தம்பியையும் ஊற்றிக் கொண்டுவர வேண்டும், எதில் எது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நான் இரண்டையும் குடித்து, எது எது என்று பழைய சோதனைப் புத்தகத்தில் பென்சிலால் எழுத வேண்டும். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு, பால்கனியில், காலை நீட்டிக்கொண்டு. அரசாங்க வேலையில்கூட நீங்கள் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை என்று அம்மா சொன்னாள்.

ஒன்பது நாள் நடந்தது. என்ன சொல்ல, நான் அசத்திவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். இடது குவளை அண்ணன், நல்ல கசப்பு, தொண்டையில் ஒரு பிடி இருக்கிறது, வலது குவளை தம்பி, சப்பென்று வேகவைத்த தானியத் தண்ணீர் மாதிரி, கடைசியில் ஒரு அசட்டுத் தித்திப்பு என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அண்ணன் உள்ளே போன ஐந்தாம் நிமிஷம் காது மடல் சூடாகி, பழைய பாட்டெல்லாம் தானாக வாயில் வந்தது, பக்கத்துவீட்டு மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, என்ன சார் இன்னைக்கு ஒரே சந்தோஷம் என்று கேட்டார். ஒன்பதாம் நாள் உன் சித்தி வந்திருந்தாள், ஏழு மணி ரயிலுக்குக் கிளம்ப வேண்டும், காரில் கொண்டுபோய் விடுங்களேன் அத்தான் என்றாள். நான் குவளையைக் கீழே வைத்துவிட்டு, குடித்துவிட்டு வண்டியைத் தொடமாட்டேன், சட்டம் சட்டம்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். வாடகை வண்டி கூப்பிட்டோம், அது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது, சித்தி ரயிலை விட்டுவிட்டுப் பெட்டியோடு வாசலில் திரும்பி வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அம்மாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை, உண்மையைக் கக்கிவிட்டாள். ஒன்பது நாளும் இரண்டு குவளையிலும் தம்பிதான். "அண்ணனைத் திறந்தா மிச்சம் வீணாப் போகும்னு முழு பாட்டிலையும் நீங்களே முடிப்பீங்க, உங்க பிரஷருக்கு அது ஆகாது, அதான் தம்பி பாட்டில் ஒண்ணையே ரெண்டா பங்கு போட்டேன்" என்றாள். சித்தி பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நீ சின்ன வயசில் அவள் சேலையில் மையைக் கொட்டியபோதுகூட உன்னை அப்படிப் பார்க்கவில்லை.

அசடு வழிந்தேன், வேறு என்ன செய்ய. எத்தனை கடைக்காரர்களிடம், காலித் தட்டில் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் எடையை வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருப்பேன், என் தட்டு காலியாக இருந்தபோதே முள் ஆடியிருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். பார்த்தாயா, எல்லாம் மனசுதான், சாராயமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, தம்பியே போதும், என் மகன் சனிக்கிழமை தாராளமாகக் கையில் ஒரு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று உனக்கு மூன்று பக்கம் எழுதி உறையில்கூடப் போட்டேன். மறுநாள் காலை சித்தியை நானே ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன், அம்மாவும் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருகிறேன் என்று அவளோடு போனாள். இனி வருவதை எழுதத்தான் எனக்குப் பத்து நாள் பிடித்தது.

அன்று சாயங்காலம் ஆறு மணி ஆனது. காலை நீட்டி உட்கார்ந்தாயிற்று, ஆனால் கையில் ஒன்றும் இல்லை, கை நமநமவென்றது. தம்பி இன்னும் ஒன்று பாக்கியிருந்தான், அதைத் திறந்து குடித்தேன். இப்போது அது தம்பிதான் என்று தெரிந்துவிட்டதே, காது சூடாகவில்லை, பாட்டு வரவில்லை, சர்க்கரை குறைத்த சோடாவைக் குடித்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த வாசனையும் நுரையும் நாக்கை எழுப்பி உட்கார வைத்துவிட்டன. ஒன்பது நாளாகத் தினம் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துப் பழக்கியிருக்கிறேன், வரவேண்டியவன் மட்டும் வரவில்லை, அந்த மாதிரி ஒரு தவிப்பு. எழுந்து தேடினேன். அம்மா அண்ணன்மாரை எங்கே ஒளித்திருப்பாள் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஆறும் வரிசையாக நின்றன. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாய் என்று ஒன்றைத் திறந்தேன். மூன்று குடித்தேன். காலி பாட்டில்களைத் துணிப்பையில் சுற்றி, நம் தெருக் குப்பைத்தொட்டியில் போடாமல் அடுத்த தெருத் தொட்டி வரைக்கும் நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தேன். மிச்சம் மூன்றையும் முன்னால் இழுத்து, எல்லாம் இருக்கிற மாதிரி அடுக்கினேன். மறுநாள் அம்மா வந்து, நேத்து என்ன குடிச்சீங்க என்று கேட்டாள், எலுமிச்சைத் தண்ணி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

அந்த மூன்று பாட்டில் பெரிய விஷயமில்லை. அடுத்த தெருவுக்கு நடந்தேனே, அதுதான் என்னை உறுத்துகிறது. கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவளிடம் பொய் சொன்னதில்லை என்று நான் பீற்றிக்கொள்ளமாட்டேன், ஆனால் ஒரு குவளைக்காக முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னது அன்றைக்குத்தான். உறையில் போட்டு வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். குடிப்பது ஒரு பொருட்டே இல்லை என்பவனுக்கு இந்தத் தம்பி பீர் நல்லதுதான், காலையில் தலை கனக்காது, வண்டி ஓட்டலாம், வெயிலுக்கு இதமாக இருக்கும், சுவை கொஞ்சம் மட்டம் என்றாலும் நாலு நாளில் பழகிவிடும். ஆனால் நம் மாதிரிக் கதவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு அது லாயக்கில்லை. தம்பி சாதுதான், அவனால் ஒரு கெடுதலும் இல்லை, ஆனால் அவன் தனியாக வருவதில்லை, இரண்டு நாள் வந்து போனால் மூன்றாம் நாள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வருகிறான். இது என் தட்டில் நான் கண்ட எடை. உன் தட்டு வேறாக இருக்கலாம், அதை நீதான் பார்க்க வேண்டும், நான் முத்திரை குத்த முடியாது. சனிக்கிழமை கையில் ஏதாவது வேண்டுமென்றால் பீர் கிளாஸில் இஞ்சி சோடாவை ஊற்றிப் பிடித்துக்கொள், தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது, மேஸ்திரி கிட்டே வந்து மோந்து பார்த்தால், எங்கப்பா தராசு அதிகாரி, போன்லயே ஊதச் சொல்லுவார் என்று என் தலையில் போடு.

இன்னும் ஒன்று, இதை எழுதாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் பூசி மெழுகினதாகிவிடும். உனக்குப் பதினேழு வயசு, இதே பால்கனி, பரீட்சை முடிந்து வந்தாய், ஆம்பளைப் பிள்ளைக்கு என்னடா பயம் என்று என் கிளாஸை நான்தான் உன் கையில் கொடுத்தேன். நீ முகத்தைச் சுளித்தபோது சிரித்தேன். ஆஸ்பத்திரியில் உன் தோளில் போட்டிருந்த கட்டைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சுளித்த முகம்தான் ஞாபகம் வந்தது, அன்றைக்கே உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என் ராசா.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை, ஆனால் படம் எடுக்கும்போது அவள் படிக்காமல் இருக்கமாட்டாள், ஆகவே இந்தக் கடிதம் உனக்கும் அவளுக்கும் சேர்த்துத்தான். மிச்சமிருக்கும் மூன்று பாட்டிலையும் இதை மடித்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கொட்டப் போகிறேன். நீ தீர்க்காயுசாக, எலும்பெல்லாம் ஒழுங்காக, பூசுகிற கப்பலெல்லாம் துருப்பிடிக்காமல் நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமை விருந்துக்குப் போகுமுன் தோளுக்கு மறக்காமல் தைலம் தேய்த்துக்கொள். விருந்தின் நடுவில் எப்போது கை நமநமவென்றாலும் வெளியே வந்து போன் பண்ணு, நானும் அந்த நேரத்தில் இங்கே வெறுங்கையோடுதான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா

(இது அம்மா. படம் எடுக்கும்போது படித்துவிட்டேன். ஆறு பாட்டில் வைத்துவிட்டுப் போனவளுக்கு மூன்றை முன்னால் இழுத்து வைத்தால் தெரியாதா. அவராகச் சொல்லட்டும் என்று பத்து நாளாக வாயைத் திறக்காமல் இருந்தேன். போன மாதம் நீ பேசும்போது, நான் கேட்காமலேயே, "ஒரு சொட்டுகூடத் தொடலைம்மா" என்று மூன்று தடவை சொன்னாய். உன்னையும் நான் ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை நீ போன் பண்ணினால் அப்பாதான் எடுப்பார். இந்தத் தடவை அதை என் கையில் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.)