ஹாலில் ஆறடித் தண்ணீர்

மார்ச் 4

கணக்குப் பரீட்சை. கேள்வித்தாள் என்னைப் பார்த்து முழித்தது, நான் அதைப் பார்த்து முழித்தேன். ஆட்டம் டிரா.

வீட்டுக்கு வந்தால் அப்பா தன் அறை வாசலில் நிற்கிறார். ஹாலில் கால் வைக்க மாட்டாராம். ஆறடித் தண்ணீராம்.

"அந்த மூணு பசங்களும் யாரு கூட வந்தாங்க? பெரியவங்க இல்லாம ஆழப்பக்கம் விடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

ஹாலில் இருந்தது சோபா, டிவி, நான். எங்கள் மூவரைத்தான் சொல்கிறாரோ?

நகராட்சி நீச்சல் குளத்தில் விசிலும் கையுமாகக் காவல் நின்றே தலை நரைத்தவர். இப்போது வயது எழுபத்தொன்று. எனக்குப் பதினாறு. லேட் அட்மிஷன்.

கையை நீட்டினேன். "வேணாம் சிஸ்டர், வழுக்கும்" என்றார். பெற்ற மகளை எந்த அப்பாவாவது சிஸ்டர் என்று கூப்பிடுவாரா? இவர் எனக்கு வைத்த பேர் தவளை.

பாத்ரூம் ஹாலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதுதான் சிக்கலே.

மார்ச் 5

அப்பாவின் படுக்கை நனைந்துவிட்டது. அம்மா விரிப்பை உருவினாள்.

மார்ச் 8

அக்கா கார்ப்பெட்டோடு வந்தாள். தரை பளபளவென்று இருந்தால் மறதி நோயில் இவர் கண்ணுக்குத் தண்ணீராகத் தெரியும் என்று டாக்டர் சொன்னாராம். விரித்தோம். அப்பா ஏறினார், நடுவில் உட்கார்ந்தார், இரண்டு பக்கமும் கையால் துடுப்புப் போட்டார். "கயிறு போடுங்கப்பா, நகர மாட்டேங்குது!" இறக்குவதற்குள் எங்களுக்கு மூச்சு முட்டியது.

அக்கா அம்மாவிடம் சொன்னாள்: "உன்னால எத்தனை நாள் தூக்க முடியும்? மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். நடந்து பாத்ரூம் போகலேன்னா முதியோர் இல்லத்துல சேத்துடலாம்."

"இல்லம்னா வீடுதானே? அப்ப இது என்ன, லாட்ஜா?" என்றேன்.

"வாயை மூடுடி, வாலு."

மார்ச் 9

என் ஏமாற்று வித்தையில் விழாத ஆளே இல்லை. டீச்சர், வாட்ச்மேன், அக்கா (பல தடவை). அப்பா மட்டும்தான் விழுந்ததே இல்லை. சின்ன வயதில் குளத்தில் கையைக் காலை அடித்து "அய்யோ முங்குறேன்!" என்று கத்துவேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் நீளக் கம்பை நீட்டுவார். "பிடி. ஏறு."

எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று கேட்டிருக்கிறேன்.

"நெஜமா முங்குறவங்க கத்த மாட்டாங்க தவளை. மூச்சு விடவே நேரமிருக்காது, எங்க கத்துறது?"

மார்ச் 11

எனக்கு ஏன் இந்த மூளை வேலை செய்யணும்?

நான் முங்கினால் இறங்கி வருவார், அதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். போனை டிவி மேல் சாய்த்து வைத்துவிட்டு ஹால் தரையில் மல்லாந்தேன். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து... சத்தமே போடவில்லை. அவர் சொன்ன மாதிரியே.

இறங்கி வரவில்லை. குதித்தார். வாசலிலிருந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, டைல்ஸ் மேலே.

அந்தச் சத்தம்...

மார்ச் 12

இடது மணிக்கட்டு. மாவுக்கட்டு. படத்தை அழித்துவிட்டேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவை ஏமாற்றிவிட்டேன். ஜெயிச்சாச்சு. போதுமாடி?

அம்மாவிடம் சொன்னேன். "அடுத்த தடவை எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லிட்டுச் செய்." திட்டியிருக்கலாம்.

அக்கா போனில்: "மாசக் கடைசியெல்லாம் கிடையாது. ஞாயித்துக்கிழமை வரேன்."

மார்ச் 13

"சிஸ்டர், அந்தப் பொண்ணு பொழச்சுதா?"

"எந்தப் பொண்ணு?"

"என் பொண்ணு. கத்தவே இல்ல சிஸ்டர் அவ."

"பொழச்சுட்டா."

"நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி. மறுபடி.

மார்ச் 14

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. அக்கா சொன்னபடி அம்மா அவர் பையை எடுத்து வைத்துவிட்டாள். நான் கத்தவில்லை, அதனால் நம்பினார். அப்படியென்றால், கத்தினால்?

மார்ச் 15

முதலில் அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்பாவின் நல்ல கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் பாத்ரூம் பக்கம் போய் நின்றபடியே கையை வீசி, உலகத்திலேயே கேவலமான நடிப்பை நடித்தேன். "அய்யோ! முங்குறேன்! குளுகுளுகுளு!" எதிர்வீட்டு அங்கிள் ஜன்னலைத் திறந்துவிட்டார். திறக்கட்டும்.

அப்பா பார்த்தார். புருவம் சுருங்கியது.

"தவளை! சேட்டை பண்ணாதே. அங்க இடுப்பளவுதான் தண்ணி."

தவளை.

நான் கத்தலை நிறுத்திவிட்டேன். அம்மா கண்ணால் மிரட்டினாள். மறுபடி குளுகுளு.

"கம்பு எங்க?" என்றார். அம்மா ஒட்டடைக் கம்பைக் கொடுத்தாள். ஒவ்வொரு காலையும் தூக்கித் தூக்கி வைத்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார், கரித்துக்கொட்டியபடியே. "பிடி. ஏறு."

பிடித்தேன். ஏறினேன். "வந்ததுதான் வந்தீங்க, அப்படியே பாத்ரூம் போய்ட்டு வந்துடுங்க" என்றாள் அம்மா.

மார்ச் 16

அக்கா கையில் கார் சாவியோடு ஹால் நடுவில் நின்றாள். நான் முங்கினேன். அப்பா கம்போடு கிளம்பினார். "அந்தம்மாவை முதல்ல கரையேறச் சொல்லு, புடவை நனையுது."

அக்கா சோபா மேல் ஏறி நின்றாள்.

பை கட்டிலுக்கு அடியில் போயிருக்கிறது. பிரிக்கவில்லை.

ஏப்ரல் 6

ஒரு நாளைக்கு நாலைந்து தடவை முங்கி முங்கித் தொண்டை போச்சு. இன்று சுத்தமாகக் குரலே இல்லை. அம்மா வேலைக்குப் போய்விட்டாள், துணைக்கு அக்கா வந்திருக்கிறாள். அப்பா வாசலில் கால் மாற்றி மாற்றி நிற்கிறார், அவசரம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன்.

அக்கா பாத்ரூம் பக்கம் போனாள். புடவையைச் செருகினாள். செய்தி வாசிக்கிற குரலில், "ஐயோ, நான் முங்குகிறேன்" என்றாள்.

அப்பா கம்பை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா சிஸ்டர், இவளுக்கும் அந்தத் தவளை சொல்லிக் குடுத்துட்டா."

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் தண்ணீரில் இறங்கினார்.