கருகிய சில்லும் உன் பெயரும்

அர்கலிக்

அன்பு மகள் அக்மரலுக்கு அம்மா எழுதுவது. இங்கே அர்கலிக்கில் மந்தையும் மனிதரும் சுகம். அங்கே மாஸ்கோவில் நீயும் பேத்தியும் சுகமென்று சொல்கிறாய், நம்பித்தான் ஆகவேண்டும். உன் அண்ணனின் ஒட்டகம் ஈன்றது, குட்டி நொண்டுகிறது, பக்கத்து வீட்டு ராபிகா கண் வைத்திருப்பாள். நம் வாசலில் விழுந்த விண்கலப் பாராசூட் துணியைச் சுருட்டிப் போய் மெத்தை உறை தைத்தவள் அல்லவா, நான் மறக்கவில்லை.

இதைப் போனில் சொன்னால் அங்கே யார் காதில் விழுமோ என்றுதான் எழுதுகிறேன். வானத்திலிருந்து இறங்கும் கலம் எரிந்துபோகாமல் இருக்க நீ காய்ச்சிய பிசின் பூச்சு, அதிலிருந்து உதிர்ந்த உள்ளங்கை அகலச் சில்லைப் புல்லில் கண்டெடுத்தேன் என்றேனே, அதைக் கேட்டு வாதிம் என்றொருவன் வந்தான். உன்னோடு ஆய்வுக்கூடத்தில் வேலையாம், நீதான் அனுப்பினாயாம். விருந்தாளி ஆயிற்றே, ஒன்றும் கேட்காமல் கறி வைத்தேன். ஆனால் அவன் கண் அலமாரியெல்லாம் மேய்ந்தது பிடிக்கவில்லை. கிளம்பட்டும் என்று தேநீரைக் கிண்ணம் நிறைய ஊற்றினேன். நம் ஆட்களென்றால் புரிந்துகொண்டு எழுந்திருப்பார்கள். இவனோ உங்களுக்குத் தாராள மனசும்மா என்று குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான்.

சில்லைக் காட்டினேன். மேலே கரி, உள்ளே தேன் நிறம் மாறவில்லை. அத்தனை நெருப்பும் உள்ளே இறங்கவில்லை. பார்த்ததும் போனை எடுத்து யாரிடமோ ருஷ்ய மொழியில், "நான் சொன்னேன்ல, என் பூச்சு தாங்கிடுச்சு" என்றான். கிழவிக்கு என்ன புரியும் என்ற நினைப்பு. அரசுப் பண்ணை மேலாளனிடம் அந்த மொழியில் வசவு வாங்கி, அதே மொழியில் திருப்பிக் கொடுத்தவள் நான். சில்லை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னேன்: "தம்பி, திரும்பக் கூப்பிடு. யார் காய்ச்சின பூச்சுன்னு பேரைச் சொல்லு."

பேச்சுவாக்கில் வந்துவிட்டதும்மா என்று வழிந்தான். அப்படியானால் பேச்சுவாக்கிலேயே என் மகள் பேரும் வரட்டும் என்றேன். கூப்பிட்டான், உன் பெயரை மென்று விழுங்கினான், மறுபடி உரக்கச் சொல்லவைத்தேன். மறுமுனையில் ஆள் இருந்தானா, செத்த போனிடம் பேசினானா, தெரியவில்லை.

அதனால் சில்லைக் கோடாலியால் பிளந்து, உன்னிடம் சேர்க்கச் சொல்லிப் பாதிதான் அவனிடம் கொடுத்தேன். மறுபாதி இருக்கும் இடத்தை எழுத மாட்டேன், கடிதத்தைப் பிரிக்கிறவர்களும் உண்டு. என் பாதியை இந்தத் தாளின் கீழ்ப்பக்கம் வைத்து விளிம்பைச் சுற்றிக் கோடு இழுத்திருக்கிறேன். அவன் தருவதைப் பொருத்திப் பார். பொருந்தாவிட்டால் ஒன்றும் கேட்காதே, சிரித்துக்கொண்டே வாங்கி வை, அடுத்த ரயிலில் இங்கே வா, என் பாதியைத் தருகிறேன். பொருந்தினாலும் அவனுக்கு முன்னால் நீ போய், தாங்கியது உன் பூச்சு என்று உன் மேலதிகாரியிடம் சொல்.

இறைவன் உன் கைக்குத் துணை இருக்கட்டும். பேத்தியின் காதைக் குளிரில் மூடு.

யாரையும் நம்பாத உன் தாய்,
கமர்