பூட்டிய கேற்றில் உன் பெயர்

இன்று காலை வெள்ளவத்தை மார்க்கட்டில் கங்குன் கீரைக் கட்டொன்றை எடுத்து முகர்ந்தேன். சேற்று மணமே இல்லை. "இது தோட்டத்துக் கீரை மிஸ். சதுப்புல வெட்டத்தான் இப்ப விடுறாங்க இல்லையே" என்றார் கடைக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோடு கோபித்து என்ன பயன்? உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

சதுப்பு நிலத்தைக் காப்பாற்றும் திட்டத்தில் நாமிருவரும் வேலைக்குச் சேர்ந்த புதிது. முதல் கூட்டத்திலேயே வரைபடத்தைத் தட்டிக் கேட்டாய்: "கொக்கு எங்க கூடு கட்டுதெண்டு குறிச்சாச்சு. கீரை வெட்டுற பொம்பிளையள் எங்க கால் வைக்கிறதெண்டு ஆர் குறிச்சது?" மேசைக்குக் கீழே உன் காலை மிதித்தேன். நீ அடங்க வேண்டுமே! சதுப்பைச் சுற்றிப் போடவிருந்த வேலியில் அவர்கள் போய்வர ஒரு கேற் வைக்கச் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழும்பினாய். முழங்கால் பூட்ஸும், சேற்றுத் தண்ணீரில் தொற்றும் எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பு மாத்திரையும் தருவதாகச் சொல்லவும் வைத்தாய்.

கேற் வந்தது. பூட்ஸ் வரவில்லை, மாத்திரையும் வரவில்லை. அந்தப் பெண்கள் வெறுங்காலோடு இறங்க, நீயும் கூடவே இறங்கினாய். "உனக்கென்ன விசரே?" என்று ஏசினேன். "சும்மா கத்தாதையடி, வந்து தேத்தண்ணி குடிப்பம்" என்று சிரித்தாய். அதை நினைத்தால் இப்போதும் உன்னை அறைய வேண்டும் போலிருக்கிறது. எலிக்காய்ச்சல் வந்து உன் சிறுநீரகத்தைத் தாக்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. "அவவே இந்தத் தண்ணியாலதானே செத்தவ. சனத்தின்ர நன்மைக்குக் கேற்றைப் பூட்டுவம்" என்றார் திட்டக் கமிட்டித் தலைவர். பூட்ஸைப் பற்றி நான் கேட்டது ஒருவர் காதிலும் ஏறவில்லை. பூட்டிவிட்டார்கள். உன்னோடு கீரை வெட்டிய மலர் அக்கா இப்போது நுகேகொடையில் ஒரு கடையைக் கூட்டித் துடைக்கிறா. வழியில் என்னைக் கண்டதும், "உங்க கூட்டாளி செத்ததுக்கு எங்களுக்கு ஏன் மிஸ் தண்டனை?" என்று கேட்டா.

போன கிழமைக் கூட்டத்தில், அந்தக் கேற்றில் உன் பெயரைப் பலகையில் எழுதி மாட்டப் போவதாகச் சொன்னார்கள். எழும்பிவிட்டேன். "பூட்டின கேற்றில அவளின்ர பேரைப் போட்டா, நானே கழட்டி எறிவன்!" சொல்லும்போதே அழுதுவிட்டேன். பலகையைக் கைவிட்டார்கள். பூட்டு அப்படியேதான் கிடக்கிறது.

வேலையை விட்டுவிடு என்கிறார்கள் வீட்டில். விடமாட்டேனடி. அங்கே யாராவது உன் சாவைக் காரணம் காட்டும்போதெல்லாம், பூட்ஸ் ஏன் வரவில்லை என்று கேட்கிறேன். கேட்க இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.