நான் போட்ட பூட்டு

வீட்டு மகாராணிக்குத் தூரதேசத்துத் தளபதி பணிவுடன் எழுதுவது. நான் நலம், உன் முழங்கால் வலி குறைந்ததா? யாருமே நம்பாத கதை சொல்லப்போகிறேன், சத்தியம்.

எங்கள் பார்சல் கம்பெனி புரோகிராமில், முகவரி விவரங்களை வைக்கும் ஆப்ஜெக்ட் என்ற பெட்டிக்குள் கண்டவரும் கண்டதைச் சேர்த்தார்கள். இருப்பதை மாற்றலாம், புதிதாக எதுவும் சேராது என்று ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் பூட்டுப் போட்டேன். அதை மறந்து நானே மாடி எண்ணைச் சேர்த்தேன். அது சேரவில்லை, ஜாவாஸ்கிரிப்ட் தவறு என்று முனகக்கூட இல்லை. மாடி தெரியாத பார்சல்கள் வாசல்களில் மலையாகி, விமானங்கள் அதைச் சுற்றிப் போயின.

மாடி எண்ணைக் கவனிக்காமல் அழித்தது அவள்தான் என்று நினைத்து, பக்கத்து மேசைப் பெண் மீது, "கண்ணை வீட்டுலயே வெச்சிட்டு வந்தியா?" என்று எல்லார் முன்னும் பாய்ந்தேன்.

"பூட்டுனது நீங்கதானே சார்," என்றாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு வரி எழுதி அனுப்பு. வீட்டிலும் நீ சொல்லிக்கொடுத்துத்தானே கேட்பேன். போர்வை ஒன்றும் அனுப்பு, நீ போர்த்தியதாக இருக்கட்டும். மேலதிகாரி கூப்பிடுகிறார்.

மலையும் விமானமும் புளுகு. அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் அழுதாள், அது நிஜம்.