பொனற்றில் வைத்த பொட்டு

பீலெஃபெல்ட்
ஆவணி 2007

அன்பு மகள் அஜிதாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். ஸ்ருட்கார்ட்டில் சின்னம்மா வீட்டில் நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயோ என்று அம்மா என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா, எனக்கு ஏதோ தெரிந்த மாதிரி. தொலைபேசியில் என் குரல் கேட்டதும் நீ வைத்துவிடுகிறாய். வைக்கத்தான் வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இப்பவும் எனக்குக் காது சுடுகிறது. கார்க் கிளப்பின் கண்காட்சிக்காக, அதன் மூத்தவர் குறோகர் தன் பழைய போர்ட் காரை உன்னை நம்பி எங்கள் கராஜில் விட்டிருந்தார். நீ மேல் வார்னிஷை உரித்துவிட்டுப் புது வார்னிஷ் வாங்கப் போயிருந்தாய். பிள்ளையின் கையால் முடியப்போகும் முதல் கார், கண்ணூறு படக்கூடாது என்று சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். எஞ்சினை மூடும் பொனற்றில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எங்கள் ரொயோட்டாவுக்கு ஹம் நகரத்து அம்மன் கோயிலில் ஐயர் வைத்தாரே, அதைப் போலத்தான். வார்னிஷ் இல்லாத பெயின்ற் குங்குமத்தைக் குடித்துவிடும் என்று இந்த மடையனுக்குத் தெரியவில்லை. பதறிப்போய்ச் சட்டி தேய்க்கிற பச்சை ஸ்பொஞ்சால் உரஞ்சினேன். சிவப்பு போகவில்லை. பக்கத்தில் ஓடிய வெள்ளைக் கோடுதான் ஒரு சாண் நீளத்துக்கு இல்லாமல் போனது.

அதுவரை பிழை. அதற்குப் பிறகு நான் செய்தது கேவலம். குறோகர் வந்து, இதை ஆர் செய்தது என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் தேத்தண்ணி கொதிக்குது என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. நான்தான் என்று நீ சொன்னது எனக்கு அங்கே கேட்டது. உன் முதலாளியும் அதே கிளப். திங்கட்கிழமையிலிருந்து உன் கையில் தூரிகைக்குப் பதிலாக விளக்குமாறைக் கொடுத்தார். நீயும் ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். கார் பெயின்ற் பழகுகிற அந்த அவுஸ்பில்டுங்கையே விடப்போகிறாய் என்று சின்னம்மா சொன்னா.

புதன்கிழமை நான் குறோகர் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகாதேங்கோ என்று அம்மா வடை சுட்டுத் தந்தா. செய்தது என் மகள் இல்லை, நான் என்று என் உடைந்த ஜெர்மனில் வாசலிலேயே சொன்னேன். மனுசன் கத்தவில்லை. உள்ளே கூப்பிட்டு இருத்தி, பழைய படங்களை எடுத்து மேசையில் பரப்பினார்.

அந்த போர்ட் ஒரு கமக்காரனின் கொட்டிலில் கோழி அடைந்து கிடந்ததாம். கூரையை வெட்டிப் பதித்து, மட்காட்டைக் கழற்றி, பெரிய எஞ்சின் பூட்டி, ஹொட் ரொட் என்று சொல்லுகிற அந்த வகைக் காரை இந்தப் பக்கத்தில் முதலில் அவர்தான் ஓட்டினாராம். ரோட்டில் விட ஏலாது என்று பரிசோதகர்கள் பல தடவை திருப்பி அனுப்பினார்களாம். அதைப் பார்த்துத்தான் ஹெர்ஃபோர்ட், கூட்டர்ஸ்லோ ஊர்ப் பொடியள் எல்லாரும் இப்படிக் கார் கட்டத் தொடங்கினார்களாம். பொனற்றில் அந்தக் கோட்டை இங்கே இராணுவ முகாமில் இருந்த ஓர் ஆங்கிலேயச் சிப்பாய் அளவுகோல் வைக்காமல் தூரிகையால் இழுத்தானாம். ஆள் இப்போது இல்லை. அவன் கை பட்டதில் மிஞ்சியது அந்தக் கோடு மட்டும்தானாம்.

இதையெல்லாம் நீ சாப்பாட்டு மேசையில் எத்தனை நாள் சொன்னாய். பழைய இரும்புக்கும் வரலாறோ என்று நக்கலடித்தேன். கோயிலில் மகள் என்ன செய்யிறா என்று கேட்டவர்களுக்கு இஞ்சினியரிங் படிக்கிறா என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிள்ளை எனக்காகப் பழியை ஏற்றாள், நான் பிள்ளையின் தொழிலைச் சொல்லக் கூசினேன். வெட்கமாக இருக்கிறது, அஜிதா.

குறோகரின் கோபம் ஆறவில்லை. வடையைத் தொடவும் இல்லை. ஆனால் என் முன்னாலேயே உன் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்து உள்ளதைச் சொன்னார். வருகிற திங்கட்கிழமை காலையில் முதலாளி உன்னைச் சந்தித்துப் பேசத் தெர்மின் வைத்திருக்கிறார். அழிந்த இடத்தைக் குறோகர் வேறு ஆரிடமும் கொடுக்க மாட்டாராம். அந்தப் பெண்ணின் கை நடுங்காது, அவள் வந்து இழுக்கட்டும், அதுவரை கார் அப்படியே நிற்கும் என்றார்.

கண்காட்சி அன்று காருக்குப் பக்கத்தில் நான் நிற்கப்போகிறேன். நம்முடைய சனமும் வரும், வரட்டும். கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு ஜெர்மன் வசனம் பாடமாக்கி வைத்திருக்கிறேன். இதைக் கெடுத்தது நான், திருத்தியது என் மகள் என்று.

அம்மன் உன் கைக்குத் துணை நிற்கட்டும். வந்துவிடு, பிள்ளை. அந்த வசனத்தில் முதல் பாதி மட்டும் உண்மையாக இருந்தால் நான் எப்படி அங்கே நிற்பது?

உன் அப்பா,
சிறீதரன்