வாஜித் உலகத்துக்குக் கிழக்கே கடல்

வாஜித்,

அடையாறு நூலகத்துக்குப் போகிறேன். நாலு மணிக்கு உன் கூட்டாளிகள் நீ கதை சொல்லி நடத்துகிற விளையாட்டுக்கு வந்ததும் சால்னாவைச் சுட வைத்துப் பரோட்டாவோடு கொடு. மேசையில் விரித்திருக்கும் வரைபடத்தின் மேல் யாரும் தட்டை வைக்கக் கூடாது.

உன் கதையில் எதிரிக் கப்பல்கள் சூரியன் மறைகிற கடலிலிருந்து வருகின்றன. நான் கடலைக் கிழக்கே வரைந்துவிட்டேன். திருவான்மியூரில் வளர்ந்தவளுக்குக் கடல் வேறு எந்தப் பக்கம் இருக்குமாம்? அதற்காக, "போக்கா, ஒரு மேப் ஒழுங்கா போடத் தெரியல, நானே போட்டுக்கறேன்" என்று நேற்று கத்துவாயா? மூன்று வாரம் குனிந்து வரைந்தது, தம்பி.

கடலை அழிக்க மனம் வரவில்லை. அதனால், இந்த உலகத்தில் சூரியன் மேற்கே உதித்துக் கிழக்கே மறையும் என்று ஓரத்தில் எழுதிவிட்டேன். கதை சொல்கிறவன் நீதானே, சமாளி.

அம்மா கண்ணில் மட்டும் பட வேண்டாம். "மேற்கே சூரியன் உதிச்சா கியாமத்துடா, உலகமே முடிஞ்சிரும்" என்று உன் கூட்டாளிகளையும் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

இஃப்ரா

நீயே வரைந்த தாளையும் பார்த்தேன். மலையெல்லாம் இட்லி. என்னுடையதை வைத்தே விளையாடு.

யாராவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால் உடனே மெசேஜ் போடு. அதுவரை எனக்கு ஒரு பக்கம்கூடப் படிக்க ஓடாது.